சிறு தொழிலுக்கு லோகோவை நானே ஆப்பில் செய்துகொண்டால் போதுமா, டிசைனரிடம் போகணுமா?

எங்கே செய்தாலும் சரி, அதை ஒரு ரப்பர் ஸ்டாம்பில் குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் வீட்டில் மசாலாப் பொடியோ சோப்போ ஏதோ ஆரம்பித்து, பேரும் வைத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் டெம்ப்ளேட் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம் மரச்செக்கு. 2018ல் ஆரம்பித்தபோது, காளைக்குப் பேர்போன ஊர், லோகோவில் காளை இருந்தே தீரணும் என்று நான் பிடிவாதம். அப்பாவுக்குச் செக்கு வேண்டும். வீட்டுக்காரிக்குத் தென்னைமரம். மச்சான் வந்து பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி வைத்தால் அம்சமாக இருக்கும் என்றான் (கட்சிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வார்களே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது தனிக்கதை). தெரிந்த பையன் ஒருவன் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்து, 800 ரூபாய் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போனில் தகதகவென்று இருந்தது.

துணிப்பை அடிக்கப் போனபோதுதான் வினை. ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் பார்த்துவிட்டு, "ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீனுங்க தம்பி. இதுல ஆறு கலரு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையற மாதிரி வேற இருக்குது. ஒரே கலர்ல அடிச்சுத் தரட்டுங்களா?" என்றார். சரி என்று தலையாட்டினேன். 500 பை. சூரியனும் தென்னையும் சேர்ந்து ஒரு கரும்பச்சைத் திட்டு, காளையின் கொம்பு ஓலையோடு கலந்து காணாமல் போய், உருண்டையாக என்னமோ ஒன்று நாலு காலில் நிற்கிறது. முதல் வாரமே ஒரு ஆத்தா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எண்ணெய்க் கடையில எதுக்குங்க பன்னிப் படம்?" என்று கேட்டது. காங்கேயத்தில்!

கடை போர்டுக்கு அதே படத்தைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி உடைந்து வந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த மூல ஃபைலை, கோரல் டிரா ஃபைலை, கேட்டேன், சிஸ்டம் ஃபார்மட் ஆகிவிட்டது என்றான் பையன். அதனால் யாரிடம் செய்தாலும் வெக்டர் ஃபைலை, அதாவது சிடிஆர் அல்லது எஸ்விஜி, கையில் வாங்காமல் முழுக் காசையும் கொடுக்காதீர்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது உடையாது. இன்னொன்று, வெளியாளிடம் காசு கொடுத்து வரைந்தாலும் காப்புரிமை வரைந்தவருக்குத்தான், எழுதி வாங்கினால்தான் உங்களுக்கு வரும். எழுதும்போது எத்தனை வருஷத்துக்கு என்று போடாவிட்டால் சட்டப்படி 5 வருஷம்தான் கணக்கு.

அடுத்த முறை ஒரு டிடிபி அக்காவிடம் போனேன். என்ன படம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. பில் புக், பாட்டில், பை, போர்டு, எதிலெல்லாம் வரப்போகிறது என்று கேட்டார். அப்புறம், வாங்குகிறவர்கள் உங்கள் எண்ணெயை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்றார். "பச்சை மூடி எண்ணெய்" என்றுதான் கேட்பார்கள். காளையை ஒருத்தரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள், அதே ரோட்டில் இன்னும் நாலு செக்குக்காரர்கள் காளைதானே போட்டிருந்தார்கள்! அக்கா எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, எங்கள் அம்மாயி பேரை மட்டும் தடித்த எழுத்தில் வைத்து, அதிலிருந்த ஒரு துணைக்காலைச் சாய்த்து நீட்டிச் செக்கு உலக்கையாக்கினார். மூடியில் இருக்கிற அதே பச்சை, அது ஒன்றுதான் கலர். 'எண்ணெய்' என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டார், ஸ்டாம்பில் குத்தினால் ணகரச் சுழி எல்லாம் மை அடைத்துக்கொள்ளுமாம். குத்திப் பார்த்தேன், அடைத்தது.

6000 ரூபாய் ஆனது. இவ்வளவு குறைவாகக் கொடுத்தாயா என்று டிசைனர்களும், இவ்வளவு அதிகமா, நான் சும்மாவே செய்தேனே என்று மற்றவர்களும் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டெம்ப்ளேட்டில் இருக்கிற படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதை உங்களுடையது என்று டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னம், பதிவு செய்யப் போனால் நிற்காது. பதிவுக்குத் தனிநபர், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருட்களை வகை வகையாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள்) அரசுக் கட்டணம் 4500 ரூபாய், கிடைத்தால் 10 வருஷம். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. வட்டத்துக்குள் ஆர் போட்டால் பதிவான சின்னம் என்று அர்த்தம், பதிவாகும் முன்னால் அதைப் போடாதீர்கள், குற்றம். டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான டிஎம் போடலாம்.

லோகோ மாற்றி வியாபாரம் கூடியதா என்றால், கூடியது, ஆனால் அடுத்த சில மாதத்திலேயே கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள், எதனால் கூடியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். லோகோ எதுவானாலும் விலையைச் சொன்னதும் "சூப்பர் மார்க்கெட்ல பாதி விலைங்களே" என்பவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு போகிறது சாமி, பருப்பு விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். புண்ணாக்கு விற்கிற காசைக் கழித்தாலும் கட்டாது.

அந்தப் பன்னிப் பை இன்னும் நூறுக்கு மேல் கிடக்கிறது. புண்ணாக்கு வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறோம்.