கருவிகள் கேள்வி – பதில்: இடுப்பில் ஒரு சிறிய கத்தி

மடக்குக் கத்திகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, மடங்காமல் உறையில் செருகி வைக்கும் சிறிய கத்திகளைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, நார்வேயில் வசிக்கும் நான் இந்த ஆண்டு வேட்டைக்காரர் தேர்வில் தேறி, இலையுதிர்காலத்தில் ஒரு குழுவோடு மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். கடைக்காரர் 7 அங்குல அலகுள்ள கத்தியைக் காட்டி, பெரிய விலங்குக்குப் பெரிய கத்திதான் சரி என்கிறார். எங்கள் குழுவில் உள்ள முதியவரோ 4 அங்குலத்துக்கும் குறைந்த ஒன்றைத்தான் இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், ஓஸ்லோ

பதில்: முதியவரைக் கேளுங்கள். விலங்கை வீழ்த்துவது துப்பாக்கியின் வேலை. கத்திக்கு அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. வயிற்றைத் திறந்து குடலையும் உள்ளுறுப்புகளையும் அகற்றி, உடலின் சூட்டை விரைவில் வெளியேற்றுவதே அந்த வேலையின் முதற்கட்டம். மூஸ் போன்ற பேருடல் விலங்கு குளிர்நாட்டிலும் தானாக எளிதில் ஆறுவதில்லை. தடித்த தோலுக்குள் சூடு தங்கினால் இறைச்சி கெடத் தொடங்கிவிடும். குடலோ சிறுநீர்ப்பையோ கிழிந்து உள்ளே கொட்டினாலும் அந்தப் பகுதி இறைச்சி வீணாகும். ஆகவே இங்கே வேண்டியது வலுவைவிட முனையின்மேல் உள்ள கட்டுப்பாடு.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அலகின் நீளம் ஏன் குறைவாக இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும். வயிற்றில் சிறு திறப்பொன்றைச் செய்தபின், இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, தோலையும் தசைச்சுவரையும் குடலிலிருந்து விலக்கி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கத்தியின் வாய் மேல்நோக்கியிருக்க, முனை அந்த இரு விரல்களுக்கும் இடையில் அடங்கியபடி, விரல்களும் கத்தியும் சேர்ந்தே மார்பெலும்பை நோக்கி நகர வேண்டும். விரல்களுக்கு நடுவே அடங்காத நீண்ட அலகு குடலைத் துளைக்கும். பிறகு மார்புக் கூட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. தொடு உணர்ச்சியை நம்பியே அறுக்க வேண்டியிருக்கும். அந்த இருட்டுக்குள் உங்களுடைய இன்னொரு கையும் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், கத்தியின் முனை ஆள்காட்டி விரல் எட்டும் தூரத்திலேயே இருப்பது எவ்வளவு அவசியம் என்பது புரியும். 9 முதல் 10 சென்டிமீட்டர் அலகு இதற்குப் போதும். கால்களைப் பிரிக்கும்போது எலும்பை வெட்டுவதில்லை. மூட்டின் இடுக்கைக் கண்டுபிடித்து அங்குள்ள தசைநாரையும் குருத்தெலும்பையும்தான் அறுக்கிறோம். மார்பெலும்பையும் இடுப்பெலும்பையும் பிளக்க வேண்டியிருந்தால் அதற்குச் சிறிய ரம்பம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கத்தியைப் பாறாங்கல்லால் அடித்து எலும்பைப் பிளக்க முயல்வது எந்தக் கத்திக்கும் நல்லதல்ல.

வேட்டைக் கத்தியின் இன்றைய வடிவத்துக்குப் பெரிதும் காரணமாக இருந்தவர் அமெரிக்கரான பாப் லவ்லெஸ். 1950களில் கத்தி செய்யத் தொடங்கி 2010இல் மறைந்த அவர், முதுகுக்கோட்டிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் முனையைக் கொண்ட சிறிய வேட்டைக் கத்தியைப் பரவலாக்கினார். முனை தாழ்ந்திருப்பதால் வயிற்றுச் சுவரைத் திறக்கும்போது அது குடலில் எளிதில் குத்துவதில்லை. வளைந்த வாய்ப்பகுதி தோலுரிப்பதற்கும் உதவுகிறது. முனை மேல்நோக்கி வளைந்து ஊசிபோல் நிற்கும் கத்திகள் பார்வைக்குக் கம்பீரமாக இருந்தாலும் இந்த வேலைக்கு அவ்வளவாக ஏற்றவை அல்ல. உங்கள் நாட்டிலேயே ஹோல்மெடால் என்ற ஊரில் 1932 முதல் இயங்கும் ஹெல்லே நிறுவனம், கடினமான எஃகை நடுவில் வைத்து இருபுறமும் மென்மையான துருப்பிடிக்காத எஃகைச் சேர்த்த மூவடுக்கு அலகுகளைச் செய்கிறது. பார்க்க அழகானவை, உழைப்பவை. மரபான நார்டிக் கத்திகளில் விரல் சறுக்கி வாயின்மேல் போகாமல் தடுக்கும் தடுப்பு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். கொழுப்பும் இரத்தமும் படிந்து குளிரில் மரத்துப்போன கையோடு முதன்முறை வேலை செய்யப்போகும் ஒருவருக்கு, பிடியின் முன்புறத்தில் சிறு புடைப்பாவது உள்ள கத்தியையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஸ்வீடனின் மோரா கத்திகளை மலிவாக இருக்கிறது என்று பலர் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் அலகின் காம்பு, அதாவது பிடிக்குள் செல்லும் எஃகுப் பகுதி, பிடியின் கடைசிவரை வராதாமே? முகாமில் விறகு பிளக்கும்போது உடைந்துவிடாதா? – வாசகர், சென்னை

பதில்: மோரா என்பது ஸ்வீடனின் டலார்னா மாகாணத்திலுள்ள ஊர். அதையடுத்த ஓஸ்ட்னூர் கிராமத்தில் 1891இல் ஃப்ராஸ்ட் எரிக் எர்சன் தொடங்கிய பட்டறையும், 1912இல் தொடங்கிய கே. ஜே. எரிக்சன் நிறுவனமும் பின்னாளில் இணைந்துதான் இன்றைய மோராக்னிவ் உருவானது. அங்கே இவை தச்சரும் மீனவரும் மரம் வெட்டுபவரும் அன்றாடம் கையாளும் வேலைக் கத்திகள். யாரும் அவற்றை அலங்காரப் பொருளாக எண்ணுவதில்லை.

காம்பைப் பற்றிய உங்கள் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கம்பேனியன் போன்ற மலிவு வகைகளில் காம்பு பிடியின் நீளத்தில் ஒரு பகுதிவரை மட்டுமே செல்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வார்க்கப்படுகின்றன. சமையலுக்கும் கயிறு அறுப்பதற்கும், கூடார முளை சீவுவதற்கும், மீன் சுத்தம் செய்வதற்கும் இது தாராளமாகத் தாங்கும். கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகின்மேல் கட்டையால் அடித்துப் பிளக்கும் வேலையை அன்றாடம் செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும் காம்பு முழுமையாக உள்ள கத்தியைத் தேடலாம்; அதே நிறுவனம் கார்பெர்க் என்ற பெயரில் 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒன்றைச் செய்கிறது. ஆனால் மணிக்கட்டுக் கனத்துக்கு மேற்பட்ட விறகைப் பிளக்க ஒரு கைக்கோடரி இருக்கும்போது கத்தியை ஏன் அடிக்க வேண்டும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. இணையக் காணொளிகளில் கத்தியால் மரத்தைப் பிளப்பவர்களில் பலர் சமைப்பதற்காகவா அல்லது படம்பிடிப்பதற்காகவா காட்டுக்குப் போகிறார்கள் என்ற ஐயமும் எழுகிறது.

காம்பு மறைந்திருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. முழுக்காம்புக் கத்திகளில் பிடியின் மேலும் கீழும் எஃகு வெளியே தெரியும். உறைநிலைக்குக் கீழான குளிரில் அந்த எஃகு உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சிவிடும். பின்லாந்தின் பூக்கோ கத்திகளில் மெல்லிய காம்பு பிர்ச் மரப் பிடிக்குள்ளேயே ஓடி, அடிமுனையில் தட்டி இறுக்கப்படுகிறது. உறுதியும் குறையாது, கையும் சில்லிடாது.

கனத்தைப் பற்றியும் ஒரு சொல். 5 மில்லிமீட்டர் கனமுள்ள அலகால் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். வாய் பாதி இறங்கியதும் அறுபடுவது நின்று, மீதி டக்கென்று பிளந்து தெறிக்கும். 2.5 மில்லிமீட்டர் அலகு அதே கேரட்டை ஓசையின்றி வட்டம் வட்டமாக நறுக்கும். முகாமில் நாம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை கேரட்டைச் சேர்ந்தவையே.

கேள்வி: கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ் எஃகா? கனடாவில் ஏரிக்கரை முகாம்களுக்கும், இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்கும் ஒரே கத்தியைப் பயன்படுத்த விரும்புகிறேன். – வாசகி, டொராண்டோ

பதில்: ஏரிக்கரை என்று நீங்களே எழுதிவிட்டதால் ஸ்டெயின்லெஸ் என்று தயங்காமல் சொல்வேன். ஸ்வீடனில் உருவான 12சி27 என்ற எஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கார்பனும் 13.5 விழுக்காடு குரோமியமும் உள்ளன. துருவை எதிர்ப்பது இந்தக் குரோமியம்தான். கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், மெல்லிய வாயை நன்றாகத் தாங்கும், செங்கோணமாக அரைத்த முதுகில் தீக்கல்லை உரசினால் பொறியும் தெறிக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இரத்தத்தில் உப்பு இருக்கிறது. மானைச் சுத்தம் செய்துவிட்டுக் களைப்போடு கத்தியைக் கழுவாமல் உறையில் செருகினால் விடிவதற்குள் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுப்பதைப்போலக் கார்பன் அலகும் புளிப்பான காய்கனிகள் பட்டுக் கறுத்துவிடும். அது கெடுதல் அல்ல, ஓரளவு காப்பும்கூட. செந்துருதான் கூடாது.

கார்பன் கத்தியையே வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் உங்கள் ஊர்க் குளிரில் உறைந்துவிடும், நாளடைவில் சிக்குப்பிடிக்கவும் செய்யும். உணவுத்தரக் கனிம எண்ணெய் நல்லது. எந்த எஃகானாலும் தோலுறையில் மாதக்கணக்கில் செருகி வைக்க வேண்டாம். பதனிட்ட தோலில் தங்கும் ஈரமும் அமிலத்தன்மையும் அலகை அரிக்கும்; வேட்டை முடிந்தபின் கத்தி தனியாகவும் உறை தனியாகவும் இருக்கட்டும். ஏரிக்கரைக்குப் பிளாஸ்டிக் உறையே வசதி. அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டாப்ஸ்லிப், வால்பாறைப் பக்கம் நண்பர்களோடு மலையேற்றம் செல்கிறோம். 4 அங்குலக் கத்தியை வைத்திருப்பது சட்டப்படி தவறா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரு சட்டங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆயுதச் சட்ட விதிகள், வீடு, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுத வகையில் சேர்க்கின்றன; உங்கள் கத்தி அந்த அளவுக்கு உட்பட்டதால் அந்த வகையில் சேராது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் மலைகளின் பெரும்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன்அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஆயுதம் என்பதற்கு அதே சட்டம் தரும் விளக்கத்தில் கத்தியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்குலக் கணக்கு அங்கே செல்லாது. சரணாலயத்தில் தீ மூட்டுவதும் தடை செய்யப்பட்டதால் விறகு சீவும் வேலையும் உங்களுக்கு இல்லை. கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, நறுக்க வேண்டியவற்றை முன்கூட்டியே நறுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டிய பிறகு என் மோரா கத்தி முன்பைவிட மோசமாகிவிட்டது. என்ன தவறு நடந்திருக்கும்? – வாசகர், மதுரை

பதில்: இருவகையில் நடந்திருக்கலாம். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் நீரின்றிப் பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலப்பகுதி முழுவதும் தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது. நீலம் இல்லையென்றால் தவறு கோணத்தில் இருக்கும். இந்தக் கத்திகளில் அலகின் நடுப்பகுதிக்குக் கீழே தொடங்கி வாய்வரை ஒரே சரிவாக அகன்ற பட்டை ஒன்று இறங்குவதைக் காணலாம். சமையலறைக் கத்திகளில் உள்ளதுபோல் வாயோரத்தில் இன்னொரு சிறு சரிவு இதில் இல்லை. சாணைக்காரர் தம் வழக்கப்படி அப்படியொரு சரிவைப் புதிதாக உண்டாக்கியிருப்பார். அதனால் கத்தி மரத்தில் கடிக்காமல் வழுக்கும்.

சரிசெய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். பட்டை முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். 1000 நுண்மையுள்ள தட்டையான நீர்க்கல்லை நனைத்து, பட்டை முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, வாய் முன்னே செல்லுமாறு மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை தள்ளியபின் திருப்பிப் பாருங்கள். வாயோரத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் கத்தியை மிகையாகத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். மேலோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் சாணைக்காரர் உண்டாக்கிய சரிவை இன்னும் எட்டவில்லை. பட்டை முழுவதும் ஒரே சீராக அழியும்வரை அந்தப் பக்கத்தையே தேயுங்கள். மறுபக்கத்தில் நகத்தால் தடவும்போது கம்பிபோன்ற மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் வாய்வரை வந்துவிட்டது என்று அறியலாம். அதன் பின்னரே மறுபக்கத்தைத் தொடங்க வேண்டும். இறுதியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்தங்கி வருமாறு இருபுறமும் சில முறை இழுத்தால் பிசிறு உதிரும். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். எங்கேனும் சிக்கிக் கிழிந்தால் அலகின் அந்த இடத்தை மட்டும் மறுபடி கல்லில் வைத்தால் போதும்.