புற்றுநோய்க்கு மரபணு எத்தனை சதவீதம் காரணம், உணவு எத்தனை சதவீதம்?

சதவீதம் போட்டுப் பிரிக்கிற கணக்கே இல்லை இது. இரண்டும் சேர்ந்தால்தான் கெடுதல் என்றிருக்கும் இடத்தில், எது எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் கிழக்காசியாவில் இருக்கிறது: மது, ஏஎல்டிஎச்2 மரபணு, உணவுக்குழாய்ப் புற்றுநோய்.

குடித்த மதுவை உடல் இரண்டு படிகளில் உடைக்கிறது. எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகும், பிறகு அசிட்டேட் ஆகும். அசிட்டேட்டால் தொல்லையில்லை. நடுவில் வருகிற அசிட்டால்டிஹைடுதான் டிஎன்ஏவோடு ஒட்டி அதைக் கெடுப்பது. இரண்டாம் படிக்கான நொதியைத் தருவது ஏஎல்டிஎச்2. கிழக்காசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நான்கு துண்டுகள் சேர்ந்து இயங்கும் நொதி இது. ஒரு துண்டு பழுதானாலே மற்றவையும் மந்தமாகிவிடும். அதனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்திருந்தாலும், நொதியின் திறன் பாதியைவிட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எச்சிலிலும் அசிட்டால்டிஹைடு தேங்கும். வாயிலுள்ள பாக்டீரியாக்களும் மதுவிலிருந்து அதையே உண்டாக்கும். விழுங்க விழுங்க உணவுக்குழாய்ச் சுவரில் படுகிறது.

இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தவர்கள் கொஞ்சம் பீருக்கே முகம் சிவந்து, படபடத்து, குமட்டி ஒதுங்கிவிடுவார்கள். குடிப்பதே இல்லை என்பதால், மாற்றமே இல்லாதவர்களைவிடவும் அவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவு. மாட்டிக்கொள்பவர் நடுவில் இருப்பவர்தான், அதாவது ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்தவர். முதலில் சிவக்கும், போகப்போகத் தாங்கும், அலுவலக விருந்துதோறும் குடிப்பார். அதே மரபணுவோடு குடிக்காமலே இருப்பவருக்கு ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை.

இந்த நொதிக் குறைவைக் கண்டுபிடிக்க ஜப்பானில் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒரு கோப்பை பீர், அதாவது 180 மி.லி. குடித்ததும் முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிவந்ததா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே நொதிக் குறைவுக்கு வாய்ப்பு மிக அதிகம். 'இப்பல்லாம் சிவக்கிறதில்லை' என்பவரைப் பிடிக்கத்தான் இரண்டாவது கேள்வி. சிவப்பு மறைந்ததால் நொதி தேறிவிடவில்லை.

இதைவிட மோசம், சிவப்பை மறைக்க ஒவ்வாமை மாத்திரையோ, ஃபமோடிடின் என்ற வயிற்று அமில மாத்திரையோ போட்டுக்கொண்டு குடிப்பது. அசிட்டால்டிஹைடு அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய்விடும், கோப்பைகள் கூடும்.

அளவு தெரிய வேண்டுமானால் மி.லி.யை மதுச் சதவீதத்தால் பெருக்கி, 0.8ஆல் பெருக்கி, 100ஆல் வகுக்கவும். 5% பீர் 500 மி.லி. என்றால் 20 கிராம் எத்தனால். கூடவே சிகரெட்டும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. அந்தப் புகையிலும் அசிட்டால்டிஹைடு உண்டு. சிவக்கும் உடம்போடு பல ஆண்டுகள் குடித்தவர், குடியை நிறுத்தினாலும் எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவால் உணவுக்குழாயைப் பார்ப்பது) பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. உள்ளே அயோடின் கரைசல் தெளித்தால் நல்ல திசு பழுப்பாகும், சந்தேகத்துக்குரிய இடம் நிறம் பிடிக்காமல் வெளிறித் தெரியும்.

இந்தியர்களிடம் இந்த மாற்றம் மிக அரிது. இதற்காகக் காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டியதில்லை. அதற்காக நமக்கு மது பாதுகாப்பு என்றும் ஆகாது: நொதி சரியாக இருப்பவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோய் ஆபத்தை அது கூட்டுகிறது.