நமீபியாவின் ஆறுகளில் நீர் ஏன் தெரிவதில்லை?

வரைபடத்தில் பல ஆறுகள் இருந்தும் நமீபியாவில் அவை வறண்டே கிடப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆரஞ்சு, குனேனே, ஒகவாங்கோ, சாம்பெசி ஆகியவை அந்நாட்டின் எல்லைப் பகுதிகளில் மட்டுமே செல்கின்றன. அவற்றின் நீரும் பெரும்பாலும் அண்டை நாட்டு மேட்டுநிலங்களில் பெய்த மழையே. உள்நாட்டு ஆறுகளோ ஜனவரி முதல் மார்ச் வரையிலான கோடை மழையை (தென் அரைக்கோளத்தில் அப்போதுதான் கோடை) நம்பியவை. தலைநகர் விண்ட்ஹோக் அருகே கோமாஸ் மேட்டுநிலத்தில் பிறக்கும் குயிசெப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சில நாள்களோ சில வாரங்களோதான் வெள்ளம் ஓடும். அதிலும் பெரும்பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால், அது அட்லாண்டிக் கடலை எட்டுவது அரிது. ஆயினும் அதனைச் செத்த ஆறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை: மணலடியில் தங்கிய நீரே கரையோர மரங்களை வாழவைக்கிறது, வால்விஸ் பே நகருக்குக் குடிநீராகிறது, அவ்வப்போது வரும் வெள்ளமே தெற்கிலிருந்து நகர்ந்துவரும் மணற்குன்றுகளின் விளிம்பை அரித்துச் சென்று, அவை வடகரையின் சரளைச் சமவெளியை மூடிவிடாமல் தடுக்கிறது.