பாசி எடுக்கும் விரலுக்குத் தலைமுடி ஏன் தெரிவதில்லை?

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இருபது வருசமா கடல்ல இறங்கி மரிக்கொழுந்து பாசி எடுக்குறேன். விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் போவேன். கொஞ்ச நாளா ஊசியில நூல் கோக்க வரல. விரல்ல தலைமுடி ஒட்டியிருந்தாக்கூடத் தெரியல. ஆனா ஊசி குத்துனா சுருக்குன்னு வலிக்குது. நரம்பு செத்துப்போச்சா?"

நரம்பு அடியோடு செத்திருந்தால் அந்தச் 'சுருக்'கும் இருக்காது. அதற்காக, வலிதான் தெரிகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. தொடுவதும் வலிப்பதும் ஒரே வழியில் மூளைக்குப் போவதில்லை.

விரல் நுனியில் மேல்தோலின் அடிவரிசையில் மெர்க்கெல் செல்கள் இருக்கின்றன. விளிம்பு, மேடுபள்ளம், நூலின் பருமன் எல்லாம் இவை தரும் செய்தி. அதற்குச் சற்றே கீழே, கைரேகை மேடுகளை ஒட்டி மெய்ஸ்னர் உறுப்புகள். முடி உரசுவதும், பிடித்த பொருள் நழுவத் தொடங்குவதும் இவற்றுக்கே முதலில் தெரியும். வயதாக ஆக இவற்றின் எண்ணிக்கை எல்லோருக்குமே குறையும். இன்னும் ஆழத்தில் ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதை அறிகின்றன. வெங்காயம் போல் அடுக்கடுக்கான பசினி உறுப்புகள் வினாடிக்கு 200, 300 முறை அதிரும் நுண்ணிய அதிர்வையும் பிடிக்கின்றன. மீன் இரையைக் கொத்துவது தூண்டில் கயிறு வழியே கைக்குத் தெரிவது இந்தப் பசினியின் தயவால்தான்.

தோல் அமுங்கும்போது நரம்பு முனையின் சவ்வு இழுபடுகிறது. அதிலுள்ள பீசோ2 என்ற புரதக் கதவு திறந்து அயனிகள் உள்ளே பாய, மின்துடிப்பு கிளம்புகிறது. பீசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியான் 2021ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் துடிப்பு பருமனான இழைகளில் வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர் ஓடும். வலிக்கு இப்படி உறை போட்ட உறுப்பு கிடையாது. மெல்லிய நரம்பு முனைகள் வெறுமனே மேல்தோலுக்குள் நீண்டிருக்கின்றன. அதனால்தான் காய்த்த விரலிலும் ஊசி குத்தினால் தெரிகிறது.

உங்கள் விரலில் மூன்று விஷயங்களைச் சந்தேகிக்கலாம். முதலாவது காய்ப்பு. தடித்த தோல் முடியின் மெல்லிய அழுத்தத்தைப் பரப்பிவிடும். மெர்க்கெலுக்கும் மெய்ஸ்னருக்கும் எதுவும் எட்டாது. இரண்டாவது, துணிக் கட்டு. என் கவலை அதன்மேல்தான். விரலின் நரம்புகள் இரு பக்கவாட்டிலும் தோலுக்கு வெகு அருகே ஓடுகின்றன. மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் அவை நசுங்கும். மூன்றாவது, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. அழுத்தம் முதலில் கெடுப்பது பருமனான இழைகளை. ஆகவே தொடுவுணர்வு போய் வலி மட்டும் மிஞ்சுவது இந்த இரண்டிலும் நடக்கும்.

கடலுக்குப் போகாத நாளின் காலையில் சோதித்துப் பாருங்கள். கொண்டை ஊசியின் இரு முனைகளையும் 5 மி.மீ. இடைவெளியில் வளைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொள்ள, வேறொருவர் ஒரு முனையாலோ இரு முனையாலோ தோல் லேசாக வெளுக்கும் அளவுக்கு மட்டும், விரலின் நீளவாக்கில் தொடட்டும். பத்து முறையில் ஏழு முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். ஓங்கி அழுத்தினால் சோதனை பொய்யாகிவிடும். நுனியின் நடுவில் தவறி, காய்க்காத ஓரத்தில் சரியாக வந்தால் காய்ப்பே காரணமாக இருக்கலாம். கட்டுப் போடும் விரல்களில் மட்டும் மதமதப்பு இருந்தால் கட்டு. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதிவரை மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருந்து, இரவில் கை விறுவிறுவென்று எழுப்பினால் மணிக்கட்டு.

இன்னொரு சோதனையும் உண்டு. சோப்பில்லாத வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் இரு கைகளையும் வையுங்கள் (உப்புத் தண்ணீரில் சுருக்கம் தாமதமாகும்). விரல் நுனி சுருங்குவது தோல் ஊறுவதால் மட்டுமல்ல. நரம்பு ரத்தக்குழாயைச் சுருக்குவதால். மற்ற விரல்கள் சுருங்க ஒன்று மட்டும் வழவழவென்று இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

காய்ப்புக்கு வாரம் மூன்று முறை, பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்துப் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) மெதுவாகத் தேய்த்து, 10 சதவீத யூரியா களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவலாம். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், மரத்த விரலை நம்பாதீர்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். முழுவதும் அகற்றவும் வேண்டாம். பாறையிலிருந்து கையைக் காப்பது அந்தக் காய்ப்புதான்.

துணியைச் சுற்றியபின் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம். ஈரத்தில் துணியும் முடிச்சும் இறுகும் என்பதால் மணிக்கொருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். அளவான ரப்பர் கையுறை இதைவிட நல்லது.

சர்க்கரை நோய் இருந்தால், கால்விரலும் மரத்தால், கைக் கட்டைவிரலின் தசை வற்றினால், அல்லது உடலில் எங்காவது உணர்வற்ற வெளிர்ந்த தேமல் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அந்தத் தேமல் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம். மற்றபடி கட்டைத் தளர்த்தி நான்கு வாரம் கழித்து அதே கொண்டை ஊசியால் மறுபடி பாருங்கள். முன்னேற்றமே இல்லையென்றால் நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இழை அறுபட்டிருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வர ஆறு மாதம் ஆகும்.