எரிமலைப் பாறையில் மீன் குடியேறுவதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

தரங்கம்பாடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். பிளஸ் டூ உயிரியல் படிக்கும் மகளை நர்சிங் சேரச் சொல்கிறீர்கள். அவளோ, எரிமலைக் குழம்பு கடலில் இறங்கிய இடத்தில் மீன்கள் எப்படிக் குடியேறுகின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். "நம்ம ஊரில் எரிமலை ஏது, இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. அவள் ஆசையும் வெறும் கனவு இல்லை.

2021 செப்டம்பரில் லா பால்மா தீவில் வெடித்த எரிமலையின் குழம்பு அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கியது. அடியில் அகப்பட்ட பாசி, சிப்பி எல்லாம் அழிந்தன. ஆனால் குழம்பு ஆறியதும் அங்கே பொந்தும் இடுக்குமாக ஒரு புதுப் பார், அதாவது மீன் தங்கும் கடலடிப் பாறைத் திட்டு, கிடைத்துவிடுகிறது. முதலில் நுண்ணுயிர்ப் படலம் படியும், அப்புறம் பாசி, பாசியை மேயும் மீன்கள், அவற்றைத் தின்னக் களவா போன்ற வேட்டை மீன்கள். பெரிய மீன்கள் பக்கத்துப் பாரிலிருந்து நீந்தி வரும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கிடைத்ததைத் தின்று பிழைக்கும் மீன்கள் முந்திக்கொள்ளும். பவளத்தையே நம்பியவை பவளம் வளரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் எப்போதும் நெடுங்காலம் ஆகிவிடுவதில்லை. இந்தோனேசியாவின் பண்டா அப்பியில் 1988இல் இறங்கிய குழம்பின்மேல் ஐந்தே ஆண்டுகளில் பவளம் அடர்ந்துவிட்டது.

இந்தப் பாறைகளின் தனிச்சிறப்பு, அவற்றின் வயது துல்லியமாகத் தெரியும் என்பது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் 2007இல் குழம்பு இறங்கி உருவான பாறையும் அதைவிடப் பழையவையும் ஒரே கரையில் கிடக்கின்றன. எந்த வயதுப் பாறையில் எந்த மீன் என்று ஒப்பிட்டாலே குடியேற்றத்தின் வரிசை தெரிந்துவிடும்.

சரி, நம் கடலுக்கு வருவோம். டெல்டா கரைக்கு வெளியே பெரும்பாலும் மணலும் சேறும்தான். பார் எங்கே இருக்கிறது என்று தெரிந்த படகுக்காரருக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கே தெரியும். அதனால்தான் அரசு கான்கிரீட்டில் செயற்கை மீன் உறைவிடங்களைக் கடலில் இறக்குகிறது. அதில் எந்த மீன் முதலில் வரும், எவ்வளவு பொந்து வேண்டும், எத்தனை ஆண்டில் பிடிக்கலாம்? மகள் கேட்பதும் இதே கேள்விதான். நேரில் எரிமலை பார்க்க விரும்பினால், அந்தமானில் பாரன் தீவு இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலேயே (பழைய பெயர் போர்ட் பிளேர்) புதுவைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் முதுகலை நடத்துகிறது.

முதல் பட்டத்துக்கு நான் சொல்வது பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டம், நான்கு ஆண்டு. விலங்கியல் பட்டத்தைவிட இதில் வேலைக் கதவுகள் அதிகம். மீன்வளப் பல்கலைக்கழகம் உங்கள் பக்கத்து நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது, தலைஞாயிற்றில் கல்லூரியும் உண்டு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. நீங்கள் அதில் வருவீர்களானால் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஆராய்ச்சி வேண்டாம் என்று அவள் பிறகு நினைத்தாலும், டி.என்.பி.எஸ்.சி. வழியாக மீன்வள ஆய்வாளர், வங்கிகளில் வேளாண் அலுவலர் என்று வேறு வழிகள் உண்டு.

ஆராய்ச்சியே வேண்டும் என்றால் பாதை நீளம். முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம் என்று பத்து ஆண்டாவது ஆகும், நிரந்தரப் பணியிடங்களும் குறைவு. இதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். முனைவர் படிப்புக்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை.

நீச்சலை இப்போதே கற்றுக்கொள்ளட்டும், ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு நீருக்கடியில் நீந்தும்) பயிற்சிக்கு அப்புறமாகப் பணம் கட்டிக்கொள்ளலாம். புள்ளியியலை வெறுத்தால் இந்தத் துறை ஒத்துவராது, அதையும் பேசிப் பாருங்கள். ஒருநாள் பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைக் காட்டுங்கள். நர்சிங்குக்கும் விண்ணப்பித்து வையுங்கள், தவறில்லை. மீன்வளப் பல்கலைக்கழக அறிவிப்பு வந்ததும் முதல் விண்ணப்பம் அங்கே போகட்டும்.