விற்பதா, பழுது பார்ப்பதா? முதலில் கூரைக் கம்பியைப் பாருங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “அப்பா கட்டிய வீடு, 32 வருடம் ஆகிறது. கூடத்திலும் சமையலறையிலும் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம்தான் கசிவு அதிகம். மாடியில் இரண்டு அறை கட்டிக்கொள்ள ஆசை. பார்க்க வந்த கான்ட்ராக்டர், ‘பூசிவிட்டு மேலே கட்டிவிடலாம், மொத்தமாக இவ்வளவு’ என்று ஒரு தொகை சொன்னார். புரோக்கரோ, ‘கட்டடத்துக்கு இனி மதிப்பே இல்லை, மனை விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போங்கள், வாங்குகிறவர் தயார்’ என்கிறார். இருவருமே அவசரப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?”

இருவருக்குமே இப்போது பதில் சொல்லாதீர்கள். பூசினால் ஒருவருக்கு வருமானம், விற்றால் மற்றவருக்கு வருமானம். உங்கள் முடிவால் ஒரு காசுகூட லாபம் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நீங்களே கட்டணம் கொடுத்துக் கூப்பிடுங்கள். கான்ட்ராக்டர் அழைத்துவரும் இன்ஜினியர் வேண்டாம்.

அவர் எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் அதற்குக் காவல். காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பி வரை போய்விட்டால், கூடவே ஈரமும் இருந்தால், துரு ஆரம்பிக்கும். துரு சும்மா உட்கார்ந்திருக்காது. தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்து உங்கள் கூடத்தில் விழுகிறது. அதன்மேல் புதுக் கலவையை அப்பினால், துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். ஓரிரு வருடத்தில் அதே இடம் மறுபடி பெயரும்.

காரம் எவ்வளவு ஆழம் வரை குறைந்துவிட்டது என்று பார்ப்பது எளிது. கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன இடம் நிறமில்லாமல் இருக்கும். நிறமில்லாத பகுதி கம்பியைத் தாண்டிப் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே பொதுவாக 20 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கான்கிரீட் மறைப்பு இருக்கும். பல பழைய வீடுகளில் அதுவும் இருக்காது. அப்புறம், கம்பியைச் சுரண்டித் துருவை எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் கனத்தை அளக்க வேண்டும். கனத்தில் எட்டில் ஒரு பங்குக்குமேல் தேய்ந்திருந்தால், அதாவது குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய கால்வாசி போயிருந்தால், கூடுதல் கம்பி சேர்க்காமல் அந்த இடத்தை மூடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இலவசப் பரிசோதனை’ என்று யார் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பரிசோதனையை இலவசமாகச் செய்கிறவர் ஏதோ ஒரு டப்பாவை விற்க வந்திருக்கிறார், அவர் எந்த வீட்டைப் பார்த்தாலும் அந்த டப்பாதான் மருந்து. சிலர் சுத்தியல் மாதிரி ஒரு கருவியைச் சுவரில் அழுத்தி, திரையில் வரும் எண்ணைக் காட்டி ‘ஸ்ட்ராங்காக இருக்கிறது’ என்பார்கள். அந்தக் கருவி சொல்வது மேற்பரப்பின் கடினத்தை மட்டும்தான். காரம் போன பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இன்னும் கெட்டியாகிவிடும், அதனால் எண் கூடுதலாகவே வரும். கம்பி உள்ளே எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இந்த டப்பா விற்பவர்களால் நான் பார்த்த மிக மோசமான கூரை ஒன்று நினைவுக்கு வருகிறது. கசிவுக்காக ஒரு குடும்பம் மூன்று முறை ஆள் வைத்து வாட்டர் புரூஃபிங் செய்திருந்தது. ஒவ்வொருவரும் முந்தையவர் போட்டதை எடுக்காமல் அதன் மேலேயே 5 சென்டிமீட்டர் கலவை போட்டுப் போயிருந்தார்கள். உடைத்துப் பார்த்தபோது மேலே 15 சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. வீட்டுத் தளத்துக்கு ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்துப் பொறியாளர்களான நாங்கள் கணக்கு வைப்பதே சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான். கசிவை நிறுத்தப் பணம் கொடுத்து, கூரை மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டார்கள். கசிவு குழாய் இணைப்பிலிருந்து வந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. யாரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மாடி அறைகள் வேறு விஷயம். 23 சென்டிமீட்டர் கனமும் 3 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 1.3 டன். இரண்டு அறைக்கு எத்தனை மீட்டர் சுவர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் இன்னொரு கூரை. அஸ்திவாரம் இதற்காகத் திட்டமிடப்பட்டதா என்பது பழைய வரைபடத்தில் இருக்க வேண்டும். வரைபடம் இல்லையென்றால் ஓர் ஓரத்தில் குழி வெட்டி, அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், மண் எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ‘கட்டிவிடலாம்’ என்று சொல்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன சோதனை அங்கே ஏமாற்றிவிடும். வீடு கடற்காற்று படும் இடத்தில் இருந்தாலோ, கட்டும்போது உப்புத் தண்ணீரோ கழுவாத கடல் மணலோ கலந்திருந்தாலோ, கான்கிரீட்டில் காரம் முழுசாக இருக்கும்போதே கம்பி துருப்பிடிக்கும். உப்பில் உள்ள குளோரைடு, கம்பியைக் காக்கும் படலத்தைப் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டுவிடும். பினாப்தலீன் அழகாக இளஞ்சிவப்பு காட்டும், உள்ளே கம்பி ஓரிடத்தில் ஊசி மாதிரி மெலிந்திருக்கும். வெளியே விரிசல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் பெயர்ந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து புதுக் கான்கிரீட் போட்டால், அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். புதுசும் பழசும் மின்கலத்தின் இரண்டு முனைகள் மாதிரி ஆகிவிடுகின்றன. பழசு தேய்ந்துகொண்டே போகும்.

எனவே உப்பு பற்றிச் சிறு சந்தேகம் இருந்தாலும், துளை போட்டு வெவ்வேறு ஆழத்திலிருந்து தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். உப்பு வெளித்தோலில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் அது காற்றில் வந்தது, இடத்தைப் பொறுத்துச் சமாளிக்க வழி உண்டு. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு இருந்தால் அது கலவையிலேயே சேர்ந்தது, வீடு முழுக்க இருக்கிறது. அந்த வீட்டில் மாடி கட்ட நான் ஒருநாளும் கையெழுத்துப் போட மாட்டேன். பழுது பார்க்கவும் சொல்ல மாட்டேன். இடித்துக் கட்டுங்கள், இல்லையென்றால் நகருங்கள்.

சரி, உப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பொறியாளரின் அறிக்கையை வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அளவும் விலையும் எழுதி வாங்குங்கள். ‘மொத்தமாக இவ்வளவு’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பிக்குப் பின்பக்கம் வரை விரல் போகும்படி பழைய கான்கிரீட்டை வெட்டி எடுப்பது எத்தனை சதுர மீட்டர் என்று அதில் இல்லையென்றால், வெட்டவே மாட்டார்கள். பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் பாதி விஷயம் தெரியும், அதற்காக 20 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் பணம். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழைக்காலம் கசிவில்லாமல் போன பிறகு.

இப்படி வரும் தொகை, அதே வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் செலவில் பாதிக்குள் இருந்தால் பழுது பாருங்கள். பாதியைத் தாண்டினால், இடித்துக் கட்டுவதையும் வேறு வீட்டுக்குப் போவதையும் யோசியுங்கள். இடித்துக் கட்டலாம் என்ற வழியை உங்களிடம் கான்ட்ராக்டரும் சொல்லவில்லை, புரோக்கரும் சொல்லவில்லை பாருங்கள்.

நகர்வதற்கான கணக்கில் இரண்டு வீடுகளின் விலை வித்தியாசத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பதிவுச் செலவு, வரி, தரகு, கடனுக்கான கட்டணமும் வட்டியும், சாமான் ஏற்றிச் செல்லும் செலவு, புது வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அதில் வர வேண்டும். அந்த வீட்டையும் இதே மாதிரி பரிசோதித்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். விற்பதற்கு முன் அடித்த புதுப் பெயின்ட் மணம் இன்னும் போகாத வீடாக இருந்தால் கூரையை இன்னும் கவனமாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் ‘டொக் டொக்’ என்று உள்ளே கூடாக ஒலித்தால் காரை விட்டிருக்கிறது. தெரு மட்டம் உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது, பெரியவர்களால் படி ஏற முடியவில்லை, வேலைக்குப் போய்வர நேரம் போதவில்லை என்பது போன்ற குறைகளை எந்தக் கொத்தனாராலும் சரிசெய்ய முடியாது. அவை இருந்தால் நகரத் தயங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

‘கட்டடத்துக்கு மதிப்பே இல்லை’ என்று புரோக்கர் சொன்னதற்கும் ஒரு பின்னணி உண்டு. பல இடங்களில் மதிப்பீடு செய்ய வருகிறவர் கட்டிய ஆண்டைக் கேட்டு, வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துவிட்டுப் போய்விடுகிறார். முப்பது வருடம் நனையாமல் பாதுகாத்த வீட்டுக்கும், பத்து வருடமாக ஒழுகும் வீட்டுக்கும் ஒரே எண். மாடி கட்ட அனுமதி கேட்டால் வரைபடம் எத்தனை நகல் என்பதில் காட்டும் அக்கறையை, கீழே இருக்கும் தூண் தாங்குமா என்பதில் காட்டுவதில்லை. இந்த முறையை மாற்றச் சொல்லி என்னைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். அதனால்தான் உங்கள் செலவில் ஓர் அறிக்கை வாங்கச் சொல்கிறேன். நாளை விற்கவே முடிவு செய்தாலும், அந்த அறிக்கையைக் காட்டி விலை பேசலாம்.

பொறியாளர் வரும் வரை காத்திருக்க முடியாத வேலைகள் இரண்டு. கம்பி தெரியும் இடத்துக்குக் கீழே யாரும் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். காரை தொங்கிக்கொண்டிருந்தால் அனுபவமுள்ள மேஸ்திரியை வைத்துத் தட்டி இறக்கிவிடுங்கள், தளம் தொய்ந்திருந்தால் முட்டுக் கொடுங்கள். அடுத்தது அந்தத் தண்ணீர்த் தொட்டி. 1000 லிட்டர் என்றால் ஒரு டன். அது சுவருக்கு நேர் மேலே இல்லாமல் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால், இன்றைக்கே கால்வாசிக்குக் குறைத்து, அதே அளவில் வைத்திருங்கள்.