கற்பனை நாட்டுக்கு ஒரு மைய-வலது தாராளவாதக் கட்சி வேண்டும், எப்படி நம்பும்படி அமைப்பது?

நாவலுக்காக ஒரு நாட்டைப் படைக்கிறேன், அதில் மைய-வலது தாராளவாதக் கட்சி ஒன்று ஆட்சியில் பங்கேற்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேர்தல் அறிக்கையிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். முடிக்காமல் கிடக்கும் என் நாவலுக்காக அந்தத் தவற்றை நான் செய்தேன். குறைந்த வரி, சிறிய அரசு, தனிமனிதச் சுதந்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கொள்கையெல்லாம் இருந்தது, கட்சிக்காரன் ஒருவன்கூட இல்லை.

கட்சி யாரை எதிர்த்துப் பிறந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டென்மார்க்கின் வென்ஸ்ட்ரே கட்சியின் பெயருக்கு 'இடது' என்று பொருள். 1870இல் பெருநிலக்கிழார்களின் வலதுசாரி அணிக்கு எதிராக விவசாயிகளை நம்பி எழுந்த கட்சி அது. பிறகு சோஷலிஸ்டுகள் அதற்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். இன்று அது மைய-வலது கட்சி, பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இப்படி ஒரு பழைய சட்டையை உங்கள் கட்சிக்கும் மாட்டிவிடுங்கள். ('லிபரல்' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அது இடதுசாரியைக் குறிக்கும், ஆஸ்திரேலியாவில் வலதுசாரிக் கட்சியின் பெயரே அதுதான்.)

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: கொள்கையும் வாக்காளரும் முட்டிக்கொள்ளும் இடம். ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சி தடையற்ற சந்தையைப் பேசும். ஆனால் அங்கே ஒரு மருந்தாளர் ஒரு முதன்மைக் கடையும் மூன்று கிளைகளும் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற கட்டுப்பாட்டால் பயன்பெறும் மருந்துக்கடைக்காரர்கள் அதன் ஆதரவாளர்கள் என்பது பழைய கேலி. போட்டி நல்லது, பக்கத்துத் தெருவில் நடக்கும்வரை!

கூட்டணிக் கணக்கு வேண்டுமென்றாலும் அதே கட்சியைப் பாருங்கள். 1982இல் அரசின் தலைவராக, அதாவது சான்சலராக, இருந்த கூட்டணிக் கட்சிக்காரர், சமூக ஜனநாயகவாதி ஹெல்முட் ஷ்மிட்டைக் கைவிட்டு, கிறிஸ்தவ ஜனநாயகவாதி ஹெல்முட் கோலைச் சான்சலராக்கியது. அதன் தலைவர் கென்ஷர் பழைய அமைச்சரவையிலும் வெளியுறவு அமைச்சர், புதியதிலும் அதே பதவி. கட்சிக்குள் பலர் கொதித்து வெளியேறினார்கள். 2013இல் 4.8 சதவீத வாக்கு பெற்று, நாடாளுமன்றத்தில் இடம்பெறத் தேவையான 5 சதவீத வரம்பைத் தொடாமல் நாடாளுமன்றத்தையே இழந்தது. அந்த 0.2 சதவீதத்தில் ஒரு முழு நாவல் இருக்கிறது. வரம்பு இல்லாத, தொகுதிக்கு ஒருவர் என்ற முறையை வைத்தால் இந்தப் பதற்றம் கிடைக்காது; உங்கள் கட்சி ஏதாவதொரு பெரிய கட்சியின் ஓரத்தில் ஒதுங்கிவிடவே வாய்ப்பு அதிகம்.

என் நாவலில் கடைசியில் உயிர் வந்தது ஒரே காட்சியில். டாக்ஸி உரிமங்களுக்கான உச்சவரம்பை நீக்க வேண்டும் என்று இளம் வேட்பாளர் ஒருத்தி கூட்டத்தில் பேசுகிறாள். கட்சிப் பொருளாளரிடம் நாற்பது உரிமங்கள் இருக்கின்றன. அவர் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடி, பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். அதை எழுதிய இரவே அறிக்கையில் பாதியைக் கிழித்துப் போட்டேன். கட்சிக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.